கரிச்சுரங்க ஊரில் கலப்புச் சேவல்

பெல்ஜியத்தின் கிழக்கு ஓரத்தில் கெங்க் என்றொரு ஊர். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் அது வெறும் புதர்க்காட்டுக் கிராமம். நிலக்கரி கிடைத்ததும் மூன்று சுரங்கங்கள் வந்தன. உள்ளே இறங்க உள்ளூரில் ஆள் போதவில்லை. 1946-ல் இத்தாலியோடும், 1964-ல் துருக்கி, மொராக்கோ நாடுகளோடும் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தார்கள். மூன்றில் ஒன்றான சுவார்ட்பெர்க் சுரங்கத்தை 1966-ல் மூடியபோது நடந்த போராட்டத்தில் இரண்டு பேர் செத்தார்கள். பிறகு அந்த நிலத்தில் மிருகக்காட்சி சாலை வந்தது. அதையும் மூடினார்கள்.

இன்று அங்கே சேவல் கூவுகிறது. 2019-லிருந்து அந்த 24 ஹெக்டேர் நிலம் ‘லாபியோமிஸ்டா’ என்ற கலைப்பூங்கா. நடத்துபவர் கூன் வான்மெகெலன் என்ற பெல்ஜியக் கலைஞர். சுரங்க அதிகாரி குடியிருந்த மாளிகையும் இப்போது பூங்காவுக்குள்தான்.

இவருடைய கலை, கோழிகளை இனம் கலப்பது. வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் ஐரோப்பியர்கள் கோழிக்குள் எதையெல்லாம் அடைத்து வைத்திருந்தார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கோழிப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. இன்ன கொண்டை, இன்ன கால், இன்ன இறகு என்று ஒவ்வொரு இனத்துக்கும் இலக்கணம் எழுதினார்கள். பிசகினால் போட்டியில் பரிசு கிடையாது. பிரான்சின் பிரெஸ் கோழிக்கு வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால்: தேசியக் கொடியே இரண்டு காலில் நடக்கிற மாதிரி. 1957-ல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பே கொடுத்துவிட்டார்கள். பெல்ஜியத்தின் பெருமை மெக்கெலன் ஊர்க் கோழி. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கனத்த உடம்பு, காலெல்லாம் இறகு.

வான்மெகெலன் முதலில் சேர்த்தது இந்த இரண்டையும்தான். பிறந்த குஞ்சு எந்த நாட்டுக் கொடிக்கும் அடங்கவில்லை. அதை வளர்த்து, தலை நிறையக் கொண்டை பரப்பிய இங்கிலாந்தின் ரெட்கேப்போடு சேர்த்தார். அடுத்து அமெரிக்காவின் ஜெர்சி ஜயன்ட். இப்படியே தலைமுறைக்கு ஒரு நாடு. முட்டையும் குஞ்சும் பாடம் செய்த சேவலும் கண்காட்சிக்குப் போயின. 2013-ல் ஆர்ஸ் எலக்ட்ரானிக்கா விழாவின் ‘கோல்டன் நிக்கா’ விருதும் கிடைத்தது.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. அசல் பெல்ஜியக் கோழி என்று அவர் எடுத்துக்கொண்டதே, ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த காலிறகுக் கோழிகளோடு உள்ளூர்க் கோழி கலந்து உண்டானது. அதற்கும் பின்னால் போனால் நம் பக்கமே வந்து நிற்கும். வீட்டுக்கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் பல இனங்களின் மஞ்சள் தோலுக்கும் காலுக்கும் காரணமான மரபணு, மேற்குத் தொடர்ச்சி மலையில் திரிகிற சாம்பல் காட்டுக்கோழி கொடுத்தது என்று 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். சுத்த இனம் என்று எழுதிவைத்த இலக்கணத்துக்கு வயசு இருநூறுகூட ஆகவில்லை.

சரி, கலப்பு என்றாலே நல்லதா? கறிக்கடையில் தொங்குகிற பிராய்லரும் கலப்புதான். சில வம்சங்களைத் தனித்தனியே வளர்த்து, கடைசியில் ஒன்று சேர்த்து எடுப்பது. அங்கே எல்லாக் குஞ்சும் ஒரே அச்சு, ஒரே எடை, சில வாரத்தில் கத்தி. இங்கே அடுத்த குஞ்சு எப்படி இருக்கும் என்று வளர்ப்பவருக்கே தெரியாது. அந்த வித்தியாசத்துக்காகவே இந்த வேலையை மதிக்கிறேன். ஆனால் உயிருள்ள பறவையைக் கூண்டோடு கலைக்கூடத்தில் நிறுத்துவதை அவ்வளவு சுலபமாக ஏற்க மனம் வரவில்லை. இனம் கலந்தால் மனிதருக்கும் பாடம் என்று அவர் அடிக்கடி இழுப்பதும் கொஞ்சம் அதிகம். இத்தாலியரும் துருக்கியரும் சேர்ந்து கரி வெட்டிய ஊருக்கு அதைக் கோழி வந்து சொல்ல வேண்டியதில்லை.

இப்போது திட்டம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. பல நாட்டு ரத்தம் ஓடுகிற இந்தச் சேவல்களை ஜிம்பாப்வே போன்ற இடங்களில் அங்கங்கே வளர்க்கிற கோழிகளோடு சேர்க்கிறார்கள். அங்கே நோய் தாங்குகிறதா, எத்தனை முட்டை இடுகிறது என்றுதான் கேட்பார்கள்.