கிணற்றிலிருந்து தொடங்கும் ஓய்வு வளவு

மாரவில, சிலாபம், உடப்பு, கற்பிட்டி என்று நீளும் புத்தளக் கரையில், தென்னங்காணி வாங்கி ஓய்வுக்கென்று வீடு கட்டுவோரில் கொழும்பில் தொழில் பார்ப்பவர்களும் உண்டு, வென்னப்புவப் பக்கத்திலிருந்து இத்தாலிக்குப் போய் உழைத்தவர்களும் உண்டு. வீடு எழுந்த பிறகுதான் விருந்தினர் அறை, வெளிக்குசினி, நீச்சல் தடாகம், கடலைப் பார்த்து உட்கார ஒரு கொட்டில் என்று யோசனை பிறக்கிறது. மிஞ்சிய இடத்தில் அவை அமைகின்றன. இந்த வரிசையே பிழை என்பது என் எண்ணம். இந்தக் கரையில் கிணறும் காற்றும் முதலில் இடம் பிடிக்க வேண்டும். கட்டடங்கள் அவற்றுக்குப் பின்னால் வர வேண்டும்.

கற்பிட்டி முழுவதும் மணல். அதற்குள் இறங்கும் மழைநீர், உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை உப்பைத் தள்ளிவைக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அப்படியானால் மோட்டர் இறைத்து நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், காலப்போக்கில் உப்பு 4 மீற்றர் மேலேறலாம். 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் ஆழமும் கொண்ட தடாகத்துக்கு 48,000 லீற்றர் வேண்டும். வெயிலும் காற்றும் குடிப்பதை நாள்தோறும் நிரப்பவும் வேண்டும். பக்கத்து வெங்காயத் தோட்டமும் இதே நீரை நம்பித்தான் இருக்கிறது. தோட்ட உரத்தால் கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. அதன்மேல் விருந்தினர் அறைக்கொரு மலக்குழி என்று பெருக்குவது கொடுமை. தடாகம் இல்லாவிட்டால் பிள்ளைகள் எங்கே குளிப்பது என்று கேட்பார்கள். வாடைக் காலத்தில் மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். மற்ற மாதங்களுக்குக் கிணற்றடியில் நிழலோடு ஒரு தொட்டி கட்டி, குளித்த நீரை வாழைக்கு விடலாம்.

அடுத்தது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகத்துக்காகவே கைட் சர்ஃபிங் விளையாட வெளிநாட்டார் கற்பிட்டிக்கு வருகிறார்கள். அதே காற்றுத்தான் மணலையும் உப்பையும் கூரைக்குக் கொண்டுவருகிறது. தகரம் துருப்பிடிக்கிறது, சீமெந்துக்குள் கம்பி வீங்கித் தூண் வெடிக்கிறது. கடல் மேற்கே இருப்பதால், கடலைப் பார்த்த கொட்டில் பின்னேர வெயிலையும் நேரே வாங்கும். ஆகவே உட்காரும் கொட்டில் தென்னைகளுக்கு உள்ளே, தென்மேற்கில் தாழ்ந்த கிடுகுக் கூரையோடு இருக்கட்டும். சூரியன் விழுவதைப் பார்க்கக் கரைக்கு நடந்து போகலாம். கிடுகு ஓரிரு வருடத்தில் மாற்ற வேண்டியது, தீப்பிடிக்கக் கூடியது என்பது உண்மையே. அதற்காகத்தான் குசினியை ஓட்டுக்கூரையோடு தள்ளிக் கட்டச் சொல்கிறேன். கிடுகு மாற்றும் செலவு, அதைப் பின்னும் ஊர்ப் பெண்களின் கைக்குப் போகிறது. அதை நட்டமாக நான் எண்ணவில்லை.

கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் பெந்தோட்டவுக்கு அருகே லுணுகங்கவை வாங்கி, 2003இல் இறக்கும்வரை தன் ஓய்வில்லமாக வைத்திருந்தார். சிறு கட்டடங்களை ஒரே நாளில் திட்டமிடாமல், மரங்களையும் நீரையும் பார்த்துப் பார்த்துப் பல பத்தாண்டுகளில் சேர்த்தார். அது மழை கொட்டும் ஊர், புத்தளமோ வரண்ட கரை, பொருந்தாது என்று சொல்லலாம். அவருடைய பசுமை இங்கே பொருந்தாதுதான். அவருடைய பொறுமை பொருந்தும். ஒரு சோளகமும் ஒரு வாடையும் பார்த்த பின் முதல் தூணை நடுங்கள். அதற்கு முன், கடலோரத்திலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதாயின், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். கிடுகுக் கொட்டில்தானே என்று அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.