துங்கநாத் போகிறவர்கள் புல்லையும் பாருங்கள்

ஜூன் மாதம்தான். ஆனாலும் சோப்தா தேநீர்க்கடையில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டுதான் குடித்தேன். உத்தராகண்டின் ருத்ரபிரயாக் மாவட்டத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரே ஏறக்குறைய நம் தொட்டபெட்டா உச்சியின் உயரத்தில் இருக்கிறது. இங்கிருந்து நான்கு கிலோமீட்டர் ஏறினால் துங்கநாத் கோயில். இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் மூச்சு வாங்கினால் சந்திரசிலா சிகரம். விடியலில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

முதலில் காடு. புரான்ஸ் மரங்களைப் பார்த்ததும் நீலகிரி ஞாபகம் வந்தது. அங்கே சோலை ஓரங்களில் சிவப்பாகப் பூக்கிற காட்டுப்பூவரசு இதன் நெருங்கிய உறவு. உத்தராகண்டின் மாநில மரமும் புரான்ஸ்தான். நான் போனபோது பூக்காலம் முடிந்திருந்தது. மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாகி, ஒரு திருப்பத்தில் முற்றாக நின்றுவிட்டன. அதன்பின் கண்ணுக்கு எட்டியவரை பச்சைப் புல்.

இந்த உயர்மலைப் புல்வெளியை இங்குள்ள கட்வால் மக்கள் புக்யால் என்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பாய் விரித்தது போலத்தான் இருக்கும். பாதையோரம் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். விரல்நுனி அளவு மஞ்சள் பூ, ஊதாப் பூ, தரையோடு ஒட்டிய இலைகள். குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் கிடக்கும் இந்தச் செடிகள் துளிர்த்து, பூத்து, விதை விட்டு முடிக்க நான்கைந்து மாதம்தான் கிடைக்கிறது. அதற்குள் ஒரு செருப்பு மிதித்தால் அந்த வருஷம் போயிற்று. புல் போன இடத்தில் மழை மண்ணை அரித்துக்கொண்டு போகும். உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018-இல் புக்யால்களில் இரவு கூடாரம் போடத் தடை விதித்தது சும்மா இல்லை.

பாறை இடுக்கிலிருந்து பிக்கா ஒன்று தலையை நீட்டியது. எலி மாதிரி இருக்கிறது, ஆனால் முயலின் உறவு. வெளியே வால் தெரிவதில்லை. ஓர் இலையைக் கடித்து, வாயில் குறுக்காகப் பிடித்தபடி மென்று உள்ளே இழுத்துக்கொண்டது. பத்தடி தள்ளி நான் இருந்ததை அது பொருட்படுத்தவில்லை.

கோயில் சிறியது, கல்லால் ஆனது. பஞ்ச கேதாரம் எனப்படும் ஐந்து சிவன் கோயில்களில் ஒன்றான இங்கே சிவபெருமானின் புஜங்கள் வெளிப்பட்டதாக நம்பிக்கை. குளிர்காலத்தில் உற்சவ மூர்த்தி கீழே மக்குமடத்துக்கு இறங்கிவிடுவார்.

சந்திரசிலாவில் காற்று ஆளைத் தள்ளுகிறது. வடக்கே சௌகம்பா, கேதார் சிகரங்கள். கிழக்கே தொலைவில் நந்தா தேவி, திரிசூல். முக்கால் மணி நேரம் பார்த்தேன். அதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி ஒவ்வொன்றாக மூடிவிட்டது. தாமதமாக வந்தவர்களுக்கு வெள்ளைத் திரை மட்டும்தான்.

இறங்கும்போதுதான் மனசு கனத்தது. வளைந்து போகும் கல்பாதையை விட்டுவிட்டு, நேர்க்குத்தாக இறங்கிய கால்கள் புல்வெளியில் பழுப்புக் கோடுகளைக் கிழித்திருந்தன. அவற்றில் ஒரு புல் இல்லை. இந்தக் குறுக்குவழியால் மிச்சமாவது ஐந்து நிமிடம்தான். அடுத்த கோடையில் போகிறவர்கள் தயவுசெய்து கல்பாதையிலேயே இறங்குங்கள். மேகம் ஏறும்முன் உச்சிக்குப் போய்ச் சேர, விடியலிலேயே கிளம்புங்கள்.