துப்பாக்கியில் ஒரு சின்னக் கடிகாரம்

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கோ பரதநாட்டியத்துக்கோ அனுப்பாத வீடு அபூர்வம். அண்மைக் காலமாக அந்தப் பட்டியலில் துக்ளகாபாத்தும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 1982 ஆசிய விளையாட்டுக்காக அங்கே அமைக்கப்பட்ட டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைகளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

ஆசை வந்ததில் வியப்பில்லை. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். சென்னையில் பிறந்து ஹைதராபாதில் வளர்ந்த ககன் நாரங், 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்து அகமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினார். மூவருக்கும் பெயர் வாங்கிக் கொடுத்தது 10 மீட்டர் ஏர் ரைபிள்தான். அதிலும் இளவேனில் நம்மைப் போல ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பெண் என்பதில் நமக்கெல்லாம் தனிப் பெருமை.

நான் துப்பாக்கி பிடித்தவன் அல்லன். ஃபரீதாபாதில் ஒரு தொழிற்சாலையின் கருவிப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். பாய்லர், கம்ப்ரஸர், ஹைட்ராலிக் பிரஸ் என்று எல்லாவற்றிலும் உள்ள பிரஷர் கேஜுகளைக் கழற்றிச் சோதித்து மாட்டியதுதான் என் பிழைப்பு. அதனால்தான் சென்ற ஆண்டு மயூர் விஹாரிலிருந்து ஒரு குடும்பத்தார் தங்கள் மகளின் துப்பாக்கியோடு என் வீட்டுக்கு வந்தார்கள்.

கடன் வாங்கி, செகண்ட் ஹேண்டில் எடுத்த ஜெர்மன் ரைபிள். அதன் பிரஷர் கேஜ் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. ஆனால் துப்பாக்கி மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது. பழுது பார்க்கும் ஒருவர், "கேஜை எடுத்துவிட்டு ஒரு போல்ட்டைப் போட்டு அடைத்துவிடுங்கள், செலவு மிச்சம்" என்று யோசனை சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணின் தாயார் கேட்டார்: "மாமா, அது வெறும் அலங்காரம்தானே? முள்தான் பூஜ்யம் காட்டுகிறதே, காலியாகத்தானே இருக்கும்? இவரே ஸ்பானர் வைத்துக் கழற்றலாம் என்கிறார்."

"ஸ்பானரை முதலில் கீழே வைக்கச் சொல்லம்மா" என்றேன். அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

200 பார் என்றால் எவ்வளவு?

பழைய ஏர் கன்களில் குழாயை மடக்கி ஸ்பிரிங்கை இழுப்பார்கள். இன்றைய போட்டி ரைபிள்களில் குழாயின் கீழே ஒரு மெல்லிய சிலிண்டர் இருக்கிறது. அதில் காற்றைப் பொதுவாக 200 பார் வரை அடைக்கிறார்கள். அங்கிருந்து ஒரு ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு காற்றைக் குண்டின் பின்னால் அனுப்புகிறது.

நம் அடுப்பில் விசில் அடிக்கும் குக்கருக்குள் இருப்பது சுமார் 1 பார். கார் டயரில் 2 பாருக்குச் சற்று மேல். 200 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில், அதாவது சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில், ஏறக்குறைய 200 கிலோ பாரம். 200 மில்லி கொள்ளளவுள்ள சிலிண்டருக்குள் சுமார் 40 லிட்டர் காற்று முடங்கிக் கிடக்கிறது. சுடும்போது இது குழந்தையின் முகத்துக்கு ஓர் அடி, இரண்டு அடி தூரத்தில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே சொல்ல அந்தச் சின்னக் கேஜைத் தவிர வேறு வழி கிடையாது. அதை எடுத்துவிட்டு அடைப்பது, ஓடும் பஸ்ஸில் ஓட்டுநரின் கண்ணைக் கட்டுவதற்குச் சமம். அடுத்த முறை காற்று நிரப்பும்போது 200இல் நிறுத்தினோமா, 260இல் நிறுத்தினோமா என்று துப்பாக்கியைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

முள் எப்படி நகர்கிறது?

பிரான்ஸ் நாட்டு யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற உத்திதான் இன்றும் நடக்கிறது. தட்டையாக்கிய ஓர் உலோகக் குழாயை 'சி' எழுத்துப் போல வளைத்து, ஒரு முனையை மூடிவிடுவார்கள். உள்ளே அழுத்தம் ஏற ஏற அந்த வளைவு சற்றே நிமிரப் பார்க்கும். திருவிழாவில் விற்கும் ஊதினால் நீளும் காகிதப் பீப்பி நினைவிருக்கிறதல்லவா, அதே தத்துவம். அந்தச் சிறு நகர்வை ஒரு பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்புகிறது.

துப்பாக்கி ஒரு முறை கீழே விழுந்தால் போதும், பல்லிலிருந்து பல் விலகிவிடும். அளவுக்கு மேல் காற்று அடைத்தால் குழாய் நிமிர்ந்த நிலையிலேயே நின்றுவிடும். பிறகு காலியானாலும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாது. ஆகவே முள் பூஜ்யத்தில் இருக்கிறது என்பது சிலிண்டர் காலி என்பதற்குச் சாட்சி ஆகாது. மயூர் விஹார் ரைபிளின் சிலிண்டரை அதற்குரிய வடிகால் திருகு வழியாக மெல்லத் திறந்தபோது, 'காலி' சிலிண்டரிலிருந்து ஒரு நிமிஷத்துக்கு மேல் காற்று சீறிக்கொண்டு வந்தது. அந்தத் தாயாரின் முகம் வெளுத்துவிட்டது. ஸ்பானர் போட்டிருந்தால் மரை கடைசிச் சுற்றுக்கு வந்ததும் கேஜே ஒரு குண்டாகப் பறந்திருக்கும்.

மாற்றும் முறை

முதலில், துப்பாக்கியில் குண்டு இல்லை என்று பார்த்து, போல்ட்டைத் திறந்து, பாதுகாப்புக் கொடியைச் செருக வேண்டும். பல ரைபிள்களில் கேஜ் சிலிண்டரின் முன் முனையில், குறியை நோக்கியபடி இருக்கிறது. அதைப் படிக்க வேண்டுமானால் முகத்தைக் குழாய் வாய்க்கு நேரே கொண்டுபோக வேண்டும்! கேஜைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கொடி உள்ளே இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் பல் தேய்ப்பது போலப் பழக்கிவிடுங்கள்.

அடுத்தது சிலிண்டரின் வயது. அதன் மேல் தேதி பொறித்திருக்கும். போட்டி ரைபிள் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் கொடுப்பது 10 ஆண்டு ஆயுள். சிலிண்டர் செல்லுபடித் தேதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது போட்டியாளரின் பொறுப்பு என்று சர்வதேச துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் விதியே சொல்கிறது. ஆயுள் முடிந்த சிலிண்டருக்குப் புதுக் கேஜ் வாங்குவது வீண் செலவு. செகண்ட் ஹேண்ட் வாங்குவோர் விலை பேசும் முன்பே இந்தத் தேதியைப் பார்த்துவிட வேண்டும்.

பிறகு காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். சிலிண்டரைத் துப்பாக்கியிலிருந்து கழற்றினாலே காற்று போய்விடும் என்று எண்ண வேண்டாம். கழற்றியதும் அதன் வால்வு தானே மூடிக்கொள்ளும். தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் வடிகால் திருகோ அதற்கான கருவியோதான் வழி. சத்தம் நின்ற பிறகும் சற்றுக் காத்திருக்க வேண்டும். கேஜைத் திருகும்போது மிகச் சிறிய 'உஸ்' கேட்டாலும் கையை எடுத்துவிட வேண்டும். ஸ்பானரைக் கேஜின் தண்டில் உள்ள பட்டையில்தான் போட வேண்டும். வட்டமான தலையைப் பிடித்துத் திருகினால் உள்ளே இருக்கும் குழாய் முறுக்கிக்கொள்ளும்.

இனிச் சொல்வதுதான் பலர் கோட்டை விடும் இடம்: மரை. சிறிய கேஜுகள் 8 மில்லிமீட்டர் மரையிலும், 10 மில்லிமீட்டர் மரையிலும், 1/8 அங்குல பி.எஸ்.பி. மரையிலும் வருகின்றன. 1/8 அங்குலம் என்பது பெயருக்குத்தான். அதன் வெளி விட்டம் 9.73 மில்லிமீட்டர். ஆகவே 10 மில்லிமீட்டர் துளையில் அது ஒன்றிரண்டு சுற்று சாதுவாக ஏறும், பிறகு இறுகும். "இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகு" என்று பலம் காட்டினால் இரண்டு மரையும் நாசம். மரை பாதி கடித்த நிலையில் 200 பாரைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. பழைய கேஜைக் கையில் எடுத்துப் போய், மரை அளக்கும் தகடு வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கசிவை அடைக்க, குழாய் ரிப்பேர்காரர் சுற்றும் வெள்ளை டேப் இங்கே உதவாது. நேர் மரையில் அது காற்றைத் தடுக்காது; பிய்ந்த துணுக்கு ரெகுலேட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த அளவுக்கென்று செய்த ஓ-ரிங் அல்லது ரப்பர் விளிம்புள்ள உலோக வாஷர், அதுவும் புதிதாக, போட வேண்டும். தடவ வேண்டுமானால் சிலிக்கான் கிரீஸ் மட்டும், அதுவும் ஒரு பொட்டு. தையல் மெஷின் எண்ணெய், என்ஜின் ஆயில் எதுவும் கூடாது. உயர் அழுத்தத்தில் எண்ணெய் தீப்பற்றும். இதே காரணத்துக்காக, வெல்டிங் கடையில் கிடைக்கிறது என்று ஆக்ஸிஜனை அடைப்பது உயிருக்கே உலை வைக்கும். சுத்தமான, ஈரமில்லாத காற்று ஒன்றுதான் உள்ளே போகலாம்.

மாட்டியபின் ஒரேயடியாக 200க்குப் போக வேண்டாம். 50 பாரில் நிறுத்தி, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வராவிட்டால் 100, அங்கும் வராவிட்டால் 200. பிறகு ஓர் இரவு வைத்துப் பார்க்க வேண்டும்.

வடக்கத்திக் குளிரும் வெயிலும்

தில்லியில் இருக்கும் நமக்கு இதில் ஒரு கூடுதல் பாடம். 20 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர், ஜனவரி மாதத்து 5 டிகிரிக் காலையில் சுமார் 190 காட்டும். கசிவு என்று பதற வேண்டாம். குளிரில் காற்றின் அழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான். அதே சிலிண்டர் மே மாதம் 45 டிகிரியில் சுமார் 217 காட்டும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் இன்னும் ஏறும். நிரப்பிய சிலிண்டரைக் காரில் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குள் போவது, கைக்குழந்தையைக் காரில் விட்டுப் போவதற்குச் சமம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாக நிரப்பினாலும் காற்று சூடாகும். ஆறியதும் முள் சற்று இறங்கும். அதுவும் கசிவல்ல.

மேம்படுத்துவது என்றால்?

"மாமா, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், டிஜிட்டலாகப் போட்டுவிடலாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல கேள்விதான். டிஜிட்டல் கேஜில் எண் பளிச்சென்று தெரியும், தினமும் குறித்து வைத்தால் சிறு கசிவும் அகப்படும். ஆனால் எண் ஒவ்வொன்றாக நகர்வதாலேயே அது ஒரு பார் வரை துல்லியம் என்று அர்த்தமில்லை. பாட்டரி தீர்ந்தால் திரையும் இருண்டுவிடும்.

எந்தக் கேஜானாலும் அதன் துல்லிய வகுப்பைப் பாருங்கள். டயலில் 2.5 என்று பொடியாக எழுதியிருந்தால், முழு அளவில் 2.5 சதவீதம் வரை பிசகலாம் என்று பொருள். 300 பார் டயலுக்கு அது 7.5 பார். 1.6 வகுப்பு கிடைத்தால் பிசகு 4.8 பாருக்குள் அடங்கும். அடுத்தது வீச்சு. வழக்கமாக வேலை செய்யும் அழுத்தம், முழு அளவில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். 200 பாருக்கு 300 பார் டயல் சரி. 200ஓடு முடியும் டயல் எந்நேரமும் எல்லையில் நின்று சீக்கிரம் களைத்துவிடும். 600 பார் டயலில் முள் அசைவதே தெரியாது.

புதுக் கேஜை ஒரு முறை அங்கீகாரம் பெற்ற அளவீட்டுக் கூடத்தில் சரிபார்த்து வாங்குவது நல்லது. தெரிந்த பரப்புள்ள ஒரு பிஸ்டன் மேல் தெரிந்த எடையை வைத்து அழுத்தத்தை உண்டாக்கிச் சோதிப்பார்கள். அந்த அளவுகளுக்கெல்லாம் மூலம் நம் தில்லி பூசாவில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக் கூடம். அதன் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். அந்தக் கூடம் இருக்கும் சாலைக்கும் அவர் பெயர்தான். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் 1.6 வகுப்பு முள் கேஜே போட்டோம். டிஜிட்டலுக்கு ஆகும் பணத்தில் அவளுக்குச் சில மாதத்துக் குண்டுகள் வாங்கிக்கொள்ளலாம் என்று அவளே கணக்குப் போட்டாள். 10 மீட்டர் தூரத்தில் இருக்கும் அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்கப் பழகுகிற பிள்ளைக்கு, எது துல்லியம், எது பளபளப்பு என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கேஜ் சிலிண்டரோடு ஒன்றாகச் செய்யப்பட்டிருந்தாலோ, வடிகால் கருவி கையில் இல்லாவிட்டாலோ, வீட்டில் கைவைக்காதீர்கள். தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற பணிமனைக்கே அனுப்புங்கள். துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒரு சின்ன நோட்டு வைத்து, நிரப்பிய தேதி, அழுத்தம், அன்றைய வெப்பம் மூன்றையும் பிள்ளையே எழுதட்டும். ஒரு மாதத்து எண்களை வரிசையாகப் பார்த்தால், கேஜ் சரியாக இருக்கிறதா என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.