சேம்பர் பேக்கிங்குக்கு இன்ஜினை இறக்கணுமா?

"இன்ஜினையே இறக்கணும்னு சொல்றாங்க மாமா" என்றபடி வந்து உட்கார்ந்தான் பக்கத்து வீட்டுப் பையன். தாத்தா விட்டுப்போன அம்பாசிடர். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டிஷ் பி சீரிஸ் வம்சம். ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். ரெண்டு டீ சொன்னேன். ஒரு டீயில் முடிகிற பேச்சில்லை இது.

சேம்பர் என்பது இன்ஜினுக்கு அடியில் தொங்குகிற தகரத் தொட்டி. புத்தகத்தில் சம்ப் என்று போட்டிருக்கும். அதன் விளிம்புக்கும் மேலே இருக்கும் பிளாக்குக்கும் நடுவே படுத்திருப்பதுதான் பேக்கிங். ஆயில் பம்ப் கொடுக்கிற பிரஷர் எதுவும் அந்த இடத்துக்கு வருவதில்லை. தேங்கி நிற்கிற எண்ணெயும் கிராங்க் சுற்றும்போது தெறிக்கிற எண்ணெயும்தான். அதை நிறுத்தப் பலம் வேண்டாம். விளிம்பு முழுக்க ஒரே சீராகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். நம் ஆட்கள் இதை நம்ப மாட்டார்கள். ஒழுகினால் இறுக்குவார்கள். மறுபடி ஒழுகினால் இன்னும் நீளமான ஸ்பேனரைத் தேடுவார்கள்.

"முதல்ல பேக்கிங்தான் ஒழுகுதான்னு பார்த்தியா?" என்று கேட்டேன். முழித்தான். டேப்பட் கவரில் கசிகிற எண்ணெய் பிளாக் வழியாக இறங்கி சேம்பர் விளிம்பில் வந்து உட்காரும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். சொட்டுகிற இடம் ஒன்று, கசிகிற இடம் வேறொன்று. இந்த இன்ஜினில் இன்னொரு சங்கதியும் உண்டு. கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்ப மரைபோல வெட்டிய பள்ளம் மட்டும்தான். அது தேய்ந்தால் கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டும். பழி பேக்கிங் மேல் விழும். அதைச் சரிசெய்யத்தான் இன்ஜினை இறக்க வேண்டும், பேக்கிங்குக்கு அல்ல.

கண்டுபிடிக்க வழி சுலபம். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் முகப்பவுடரை விளிம்பெல்லாம் தூவிவிட்டு, இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். கசிகிற இடத்தில் வெள்ளைமேல் கறுப்புக் கோடு எழும். பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே சேரும் புகைக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் புதுப் பேக்கிங்கையும் அது பிதுக்கிவிடும்.

சில வண்டிகளில் சேம்பர் கிராஸ் மெம்பர் மேல் முட்டிக்கொண்டு கீழே வராது என்பது நிஜம். அப்போதும் மவுண்டிங் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கிக்கும் சேம்பருக்கும் நடுவே பலகை வைத்து, இன்ஜினை ரெண்டு அங்குலம் தூக்கி, மவுண்டிங்கில் கட்டை கொடுத்துவிட்டால் வழி பிறந்துவிடும். ஒன்று மட்டும்: வண்டியை வெறும் ஜாக்கியில் நிறுத்தி அடியில் படுப்பவனோடு நான் பேசுவதே இல்லை.

எண்ணெயை முதல்நாள் சாயங்காலமே வடித்துவிட வேண்டும். கிராங்கிலிருந்து சொட்டுவது சீக்கிரம் நிற்காது; துடைத்து வைத்த விளிம்பில் ஒரு சொட்டு விழுந்தாலும் வேலை பாழ். சேம்பர் கையில் வந்ததும் அடியில் படிந்த கறுப்புக் களியைக் காந்தத்தால் ஒருமுறை துழாவிப் பார்ப்பது என் பழக்கம்.

இனிமேல்தான் உண்மையான வேலை. விளிம்பைக் கவிழ்த்து ஒரு கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பார். போல்ட் ஓட்டை ஒவ்வொன்றைச் சுற்றியும் தகரம் பிளாக் பக்கமாகக் குமிழ்போல மேடிட்டு நிற்கும். வருஷக்கணக்காக இறுக்கியதன் தழும்பு அது. மேட்டில் பேக்கிங் நசுங்கிப்போகிறது, ரெண்டு போல்ட்டுக்கு நடுவில் இடைவெளி விழுகிறது, எண்ணெய் வெளியே வருகிறது. விளிம்பைக் கனமான இரும்புமேல் படுக்க வைத்து, சின்ன சுத்தியலால் ஓட்டை ஓட்டையாக மெதுவாகத் தட்டிச் சமமாக்க வேண்டும். அரைமணி நேரம் ஆகும். பட்டறையில் யாரும் செய்வதில்லை, ஏனென்றால் பில்லில் இதற்கு இடம் கிடையாது.

இந்த இன்ஜினுக்குப் பேக்கிங் ஒரே துண்டாக வராது. பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு, முன்னும் பின்னும் பேரிங் கேப்புக்குக் கார்க் பட்டை. கடையில் கிடந்து சுருங்கிய கார்க்கை வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டால் அளவுக்கு வந்துவிடும். துண்டுகள் சேருகிற மூலைகளில் மட்டும் மொச்சைக்கொட்டை அளவு சிலிக்கான் பசை. நம் பக்கம் அதற்கு அனபாண்ட் என்றே பெயராகிவிட்டது. சிலர் கேக்குக்கு கிரீம் பூசுவதுபோல் பூசுவார்கள். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து அறுந்து விழுந்தால் நேரே பம்ப்பின் வலையில் போய் ஒட்டும்.

மல்லாந்து படுத்து ஏற்றும்போது பேக்கிங் நழுவாமலிருக்க, போல்ட் ஓட்டைகள் வழியாகத் தையல்நூலால் சேம்பரோடு கட்டிவிடுவேன். ரெண்டு மூன்று போல்ட் பிடித்ததும் நூலை அறுத்துவிடலாம். அமெரிக்க ஜீப் செரோக்கியின் 4.0 லிட்டர் இன்ஜினுக்கான கம்பெனிப் புத்தகத்தில் வேறு யுக்தி: நாலு போல்ட்டின் தலையை அறுத்து, நுனியில் ஸ்க்ரூடிரைவர் பள்ளம் வெட்டி, ரெண்டை பிளாக்கிலும் ரெண்டை டைமிங் கவரிலும் திருகி வை, சேம்பர் அதைப் பிடித்தபடி நேராக ஏறும், கடைசியில் அதைக் கழற்றிப் போல்ட் போடு. தாராளமாகத் திருடலாம்.

இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரெதிராக, மூன்று சுற்று. பி சீரிஸுக்குச் சொன்ன அளவு 6 பவுண்ட் அடி. அரையடி ஸ்பேனரின் நுனியில் அஞ்சு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. "அவ்வளவுதானா?" என்றான். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேருமாக முடித்தோம். நீள ஸ்பேனரை நான் என் ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டேன். திங்கட்கிழமை காலை தரையில் உள்ளங்கை இல்லை, எட்டணா அளவில் ஒரு பொட்டு, அதுவும் கிளட்ச் ஹவுசிங்குக்கு நேர் கீழே. தேய்ந்த மரை. அதற்குப் பழைய பிஸ்கட் டின் மூடியைத் தள்ளி வைத்துவிட்டு, பையன் கல்லூரிக்குக் கிளம்பினான்.