வெப்பம் அலையடிப்பது எப்படி?

வெப்பம் பொதுவாக மெல்லப் பரவும், அலையடிக்காது. ஆனால் 2019இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், சுமார் மைனஸ் 150 டிகிரி செல்சியஸில் இருந்த கிராஃபைட்டை லேசரால் வரிவரியாகச் சூடேற்றினார்கள். சூடேறிய வரிகள் ஒரு கணம் பக்கத்து வரிகளைவிடக் குளிர்ந்துபோயின!

காரணம், படிகத்தில் வெப்பத்தைச் சுமக்கும் அதிர்வுப் பொட்டலங்களான ஃபோனான்கள். சாதாரண வெப்பநிலையில் அவை ஒன்றோடொன்று மோதி, உந்தத்தைப் படிகத்திடம் பறிகொடுக்கும், ஓட்டம் சிதறிவிடும். குளிரக் குளிர இத்தகைய மோதல்கள் அருகிவிடும். உந்தத்தைக் காக்கும் மோதல்களே மிஞ்சும்போது, ஃபோனான்கள் குழாய்த் தண்ணீர்போலக் கூட்டமாகப் பாய்கின்றன. இப்படி எழும் வெப்ப அலைதான் ‘இரண்டாம் ஒலி’. இன்னும் குளிர்ந்தால் மோதலே இராது, அலையும் எழாது. படிகமும் மிகத் தூயதாக இருக்க வேண்டும்.

1972இல் வெங்கடேஷ் நாராயணமூர்த்தியும் ராபர்ட் டைன்ஸும் பிஸ்மத்தில் இரண்டாம் ஒலியைக் கண்டது சுமார் 3 கெல்வினில். கிராஃபைட்டிலோ 100 கெல்வினுக்கும் மேலே!