செம்பனை ஆலையின் கூண்டும் கதவும்

மலாயாவில் செம்பனை வணிக நோக்கில் முதன்முதலாக 1917இல், கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் பயிரிடப்பட்டது. நசுங்கிய கனியில் உள்ள நொதி எண்ணெயைச் சிதைத்து அமிலமாக்கும்; அதைத் தடுக்கவே ஆலைகள் குலைகளை நீராவியில் அவிக்கின்றன.

குலைகளைச் சுமக்கும் எஃகுக் கூண்டுகள் துளையிட்ட தகடுகளால் ஆனவை. துளைவழி நீராவி புகும், நீர் வடியும். கூண்டுகள் தண்டவாளத்தில் உருண்டு நீள்உருளைக் கலனுள் நுழைந்தபின் கதவு அடைக்கப்படும். உள்ளே ஏறத்தாழ 140 பாகை செல்சியசு வெப்பம். 3 பார் அழுத்தம். கதவின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 30 டன் எடைக்கு நிகரான விசை வெளியே தள்ளும். அக்கதவு திடீரெனத் திறந்தால் எதிரே நிற்பவர் உயிர் பிழைத்தல் அரிது. ஆகவே, அழுத்தம் முற்றும் தணியும்வரை திறவாத பிணைப்பூட்டு அதில் பொருத்தப்படுகிறது.

மின்தூக்கியின் தளக்கதவுக்கும் இதுவே நெறி: கூண்டு தளத்தை அடையாதவரை அதன் பூட்டு விலகாது.