கண்டி ராஜாவைச் சுற்றி நின்ற தண்ணீர்

இரத்தினபுரியில் மாணிக்கக் குழி வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீரின் குணம் தெரியும். பம்ப் ஓயாமல் இறைத்தால்தான் கல் கிடைக்கும் ‘இல்லம்’ என்ற சரளைப் படிவை எட்டலாம். நிறுத்தினால் குழி நிரம்பிவிடும். கோட்டையைச் சுற்றி அகழி வெட்டியவர்களும் இந்தக் குணத்தைத்தான் நம்பினார்கள். எதிரி மதிலில் ஏணி சாத்த முடியாது என்பது வெளியே தெரியும் பயன். அதைவிடப் பெரிய பயன் மண்ணுக்குள் இருக்கிறது: மதிலின் அடியில் வெடிமருந்து வைக்கச் சுரங்கம் தோண்டி வருகிறவனை ஊறிவரும் நீரே விரட்டிவிடும்.

தமிழ்நாட்டின் வேலூர்க் கோட்டையில் அப்படியோர் அகழியை இன்றும் நீரோடு பார்க்கலாம். 16ஆம் நூற்றாண்டில், விஜயநகர அரசின் கீழிருந்த நாயக்கர்கள் கருங்கல்லால் கட்டிய கோட்டை. பரப்பு 133 ஏக்கர். சூரியகுண்டம் ஏரியிலிருந்து நிலத்தடிக் குழாய் வழியே அகழிக்கு நீர் வந்தது. உள்ளே போக அன்று தூக்குப்பாலம்.

பீஜாப்பூர்ப் படை, மராட்டியர், மொகலாயர், ஆர்க்காட்டு நவாப் எனக் கோட்டை கைமாறி ஆங்கிலேயரிடம் வந்தபோது அகழியின் வேலையே மாறிவிட்டது. உள்ளே வரவிடாத தண்ணீர் வெளியே போகவிடாத தண்ணீராயிற்று. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் அவர் குடும்பத்தை இங்கே அடைத்தார்கள். 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள்ளிருந்த இந்தியச் சிப்பாய்களே கிளர்ந்தெழுந்தார்கள். உள்ளிருந்து எழும் கோபத்துக்கு அகழி என்ன செய்யும்? ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை அன்றே கிளர்ச்சியை நசுக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

பத்து ஆண்டுகளில் அடுத்த கைதி வந்தார். அவர் கதை நம் சப்ரகமுவாவைத் தொட்டுச் செல்கிறது. 1814இல் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு எதிராகத் திரும்பிய எஹெலபொல, சப்ரகமுவாவின் திசாவை, அதாவது மாகாண ஆளுநர். அந்தப் பிளவு ஆங்கிலேயருக்கு வழி திறந்தது. 1815 பெப்ரவரி 18இல் மன்னன் பிடிபட்டார். மறு ஆண்டு குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டார். 1832 ஜனவரி 30இல் இறக்கும்வரை இந்த அகழிக்குள்தான் வாழ்ந்தார். அவர் இருந்த மாளிகைக்கு இன்றும் கண்டி மகால் என்றே பெயர்.

கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது, அரசு அலுவலகங்களும் இயங்கியிருக்கின்றன. ஆங்கிலேயர் ஆயுதக் கிடங்காக்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல்தான் மறுபடி சிவலிங்கம் வைத்து வழிபாடு தொடங்கியது. இத்தனை மாற்றங்களில் என் மனதுக்கு நிறைவானது இதுதான்.

வைத்தியத்துக்காக இங்கிருந்து வேலூர் போகிறவர்கள் பலர். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே கோட்டை. ஒரு மாலை அகழிக்கரைக்குப் போய்வாருங்கள். பாலாற்றங்கரையிலுள்ள முத்துமண்டபத்தில் நம் கடைசி மன்னனின் சமாதியையும் பார்த்துவாருங்கள்.